மலைக்கு மேல மூணு வீடு: ஒரு பணித்தள விசிட் பத்தின நிகழ்வு ஆய்வு

எங்க சபைலருந்து ஆறு பேர், மலை கிராமங்கள்ல ஊழியம் பண்ற மூணு மிஷனெரி குடும்பங்கள பாக்க போனோம், அதோட முழு பதிவு இது. விசிட்ட ஒருங்கிணைச்சது நான் தான், அதனால இதுல வர்ற தப்புல பாதி என் கணக்கு. நாடு, ஊர், அவங்கள அனுப்புன சங்கம், எந்த பேரும் போடல, அங்க இருக்கவங்க பாதுகாப்புக்கு அது தான் சரி. நடுவுல வர்ற ரெண்டாவது குடும்பத்து தம்பிக்கும் தங்கச்சிக்கும் (புருஷன் பொண்டாட்டி தான், நாங்க அப்படி கூப்பிடுவோம்) இத படிச்சு காட்டினேன், அவங்க எடுக்க சொன்ன ரெண்டு பத்திய எடுத்துட்டேன், மிச்சம் இருக்குறது தான் இது.

பின்னணி

மூணு குடும்பமும் ஒரே மலைத்தொடர்ல தான், ஆனா ஒருத்தர ஒருத்தர் வருஷத்துக்கு ரெண்டு தடவ பாத்தாலே பெருசு. வண்டி போற ரோடு முடியுற எடத்துலருந்து ஒரு நாள் நடந்தா மொத குடும்பம், கடல் மட்டத்துலருந்து சுமார் 2,400 மீட்டர். ரெண்டாவது குடும்பம் 3,500 மீட்டர்ல. மூணாவது அதுக்கும் அந்தப்பக்கம் ஒரு கணவாய தாண்டி இறங்கணும். பனி விழுந்துருச்சுன்னா மேல இருக்க ரெண்டு கிராமத்துக்கும் நாலு மாசம் பாத கிடையாது.

எங்க சபை இவங்கள ஏழு வருஷமா தாங்குது. தாங்குறதுன்னா மாசாமாசம் காணிக்கை போகும், அவங்க கிட்டருந்து ஒரு ஜெபக்குறிப்பு வரும், அத ஞாயித்துக்கிழம வாசிப்போம், ஜெபிப்போம், அவ்ளோ தான். கடைசியா நேர்ல போய் மூணு வருஷம் ஆச்சு. கமிட்டில "போய் பாத்துட்டு வாங்க, ரிப்போர்ட் குடுங்க, போட்டோ நெறய எடுங்க, தாங்குறவங்களுக்கு காட்டணும்"னு சொன்னாங்க, நாங்களும் சரின்னோம். அந்த ஒரு வரில மிஷனெரி குடும்பத்துக்கு என்ன வேணும்ங்குறது எங்கயாவது இருக்கான்னு இப்ப தான் தேடி பாக்குறேன்.

டீம்ல பாஸ்டர், ரிட்டயர்ட் ஆன ஒரு நர்ஸ் அக்கா, 58 வயசு கமிட்டி அங்கிள் ஒருத்தர், ரெண்டு வாலிப தம்பிங்க, நான். மொத்தம் 11 நாள் பிளான். மூணு கிராமத்துலயும் கூட்டம், பசங்களுக்கு புரோகிராம், மெடிக்கல் கேம்ப், வீடு சந்திப்புன்னு ஒரு நாள்ல நாலு நிகழ்ச்சி வீதம் அட்டவணை போட்டு அத லேமினேட் வேற பண்ணி வச்சிருந்தேன்.

கெளம்புறதுக்கு முன்னாடி

ரெண்டாவது குடும்பத்து தங்கச்சி ஒரு ஜெபக்குறிப்போட கடைசில "யாராவது வந்தா குக்கர் கேஸ்கட் ரெண்டு கொண்டு வர முடியுமா"ன்னு எழுதிருந்தாங்க. அடுத்த மாசமும் அதே வரி இருந்துச்சு. நான் படிச்சேன், படிச்சுட்டு மறந்துட்டேன். நாங்க தூக்கிட்டு போனது 60 கிலோ துணி, ஒரு சின்ன ஸ்பீக்கர் செட், பேனர், பசங்களுக்கு பரிசு.

உயரத்த பத்தி நர்ஸ் அக்கா ஒரு மீட்டிங் வச்சாங்க. 2,500 மீட்டருக்கு மேல யாருக்கு வேணா மலை நோய் வரலாம், வயசும் உடம்பு பலமும் அதுக்கு கணக்கில்ல, 3,000 தாண்டுனா ராத்திரி தூங்குற எடத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ ஏறாம அதே எடத்துல ரெஸ்ட் எடுக்கணும்னு தெளிவா சொன்னாங்க. அசிட்டசோலமைடு மாத்திரை (டயமாக்ஸ்னு வாங்குவோமே அது தான்), டாக்டர கேட்டு, சல்ஃபா அலர்ஜி இருக்கான்னு பாத்துட்டு, 125 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏறுறதுக்கு மொத நாளே ஆரம்பிக்கணும்னாங்க. அஞ்சு பேர் போட்டோம். அங்கிள் மட்டும் "நான் பாக்காத மலையாம்மா, ஜெபம் போதும்"னு சிரிச்சுட்டே சொல்லிட்டாரு. சபைல பெரியவர், யாரும் அதுக்கு மேல பேசல.

மொத குடும்பம்

இங்க பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, அதுவே நல்ல விஷயம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஸ்கூல் நடத்துறாங்க, அவங்க பசங்களும் அங்கயே படிக்கிறாங்க, பக்கத்துல ஒரு ஹெல்த் போஸ்ட் இருக்கு, சண்டையும் சிரிப்புமா இருக்க வீடு. கூட்டம் நடந்துச்சு, கேம்ப் நடந்துச்சு.

ஒரே ஒரு சம்பவம். வாலிப தம்பிங்கள்ல ஒருத்தன் ரோடு முடியுற எடத்துல கிராமத்து பசங்களோட எடுத்த போட்டோவ இடத்தோட சேத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான். மொத குடும்பத்து அண்ணன் அத பாத்துட்டு ஒண்ணும் திட்டல, "தம்பி, நீ ஊருக்கு போயிருவ, நாங்க இங்க இருப்போம்"னு மட்டும் சொன்னாரு. உடனே எடுத்தாச்சு, எல்லார் போன்லயும் கேமராவுக்கு லொகேஷன ஆஃப் பண்ணோம், ஏன்னா போட்டோ ஃபைலுக்குள்ளயே எடுத்த எடம் பதிஞ்சிருக்கும்னு பாதி பேருக்கு தெரியவே இல்ல.

அங்கருந்து கெளம்புற அன்னைக்கு மண்சரிவு, பாத அடைச்சிருச்சு, ஒரு நாள் போச்சு. பிளான் படி 3,000 மீட்டர்ல ஒரு ராத்திரி தங்கிட்டு அடுத்த நாள் 3,500க்கு போகணும். ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு, மூணாவது குடும்பம் காத்துட்டு இருக்காங்க, அதனால நடுவுல தங்காம ஒரே நாள்ல ஏறிடலாம்னு முடிவு பண்ணோம். நர்ஸ் அக்கா வேணாம்னாங்க. நான் தான் அட்டவணைய காட்டினேன். இந்த முழு கதைலயும் மோசமான முடிவு இது.

ரெண்டாவது குடும்பம்: மொத ராத்திரி

சாயங்காலம் நாலு மணிக்கு போய் சேர்ந்தோம். தம்பியும் தங்கச்சியும் அஞ்சு வயசு பையனும் வாசல்ல நின்னாங்க, கிராமத்து ஜனங்களும் கூட வந்து வரவேத்தாங்க. வீட்டுக்குள்ள அடுப்பு நல்லா எரிஞ்சுது, வெறகு மூலைல கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருந்துச்சு, நல்லா வசதியா தான் இருக்காங்கன்னு நெனச்சேன். அந்த வெறகு மூணு வாரமா அவங்க குளிருல கொறச்சலா எரிச்சு எங்களுக்குன்னு மிச்சம் புடிச்சதுன்னு ரெண்டு நாள் கழிச்சு தான் தெரிஞ்சுது.

சாப்பாட்டு நேரத்துல அங்கிள் ஒண்ணும் சாப்பிடல, தலைவலியும் சொல்லல. எட்டு மணிக்கு வாந்தி. நர்ஸ் அக்கா விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோ சதவீதம்னு பாத்தப்ப எங்களுக்கெல்லாம் 86, 88ன்னு இருக்கு, அந்த உயரத்துக்கு அது சகஜம் தான், அங்கிளுக்கு 76. அத விட முக்கியமா அவர நேர்கோட்டுல ஒரு கால் குதிகால் முன்னாடி இன்னொரு கால் விரல வச்சு நடக்க சொன்னாங்க, நடந்துட்டாரு. காலைல அஞ்சரைக்கு மறுபடி நடக்க சொன்னப்ப மூணாவது அடில செவுத்த புடிச்சுட்டாரு. கேட்ட கேள்விக்கு பதிலும் கொஞ்சம் வேற எங்கயோ போச்சு.

நடை தள்ளாடுதுன்னா மூளைல வீக்கம் ஆரம்பிச்சிருச்சுன்னு தான் எடுத்துக்கணும், காத்திருக்கவே கூடாது, மருந்து குடுத்தாலும் அது கீழ இறக்குற வரைக்கும் நேரம் வாங்குறதுக்கு தான், உண்மையான வைத்தியம் இறங்குறதுன்னு அக்கா சொன்னாங்க. வீக்கத்த கொறைக்குற டெக்சாமெத்தசோன் ஊசி போட்டாங்க. பாஸ்டர் "ஜெபம் பண்ணிட்டு எட்டு மணி வரைக்கும் பாக்கலாமா"ன்னாரு. அக்கா "நடந்துகிட்டே ஜெபிக்கலாம் ஐயா"ன்னாங்க. ஆறு மணிக்கு கிராமத்து ஆம்பளைங்க நாலு பேர் மாத்தி மாத்தி முதுகுல சுமந்து கெளம்பிட்டாங்க, கூட நர்ஸ் அக்கா, பாஸ்டர், பெரிய வாலிப தம்பி, வழியும் பாஷையும் தெரியணும்னு மிஷனெரி தம்பியும். 3,000க்கு கீழ வர்றப்பவே அங்கிள் தெளிவா பேச ஆரம்பிச்சுட்டாராம். ஹெல்த் போஸ்ட்ல ஆக்சிஜன் வச்சாங்க, அடுத்த நாள் ஆஸ்பத்திரி, முழுசா சரியாயிட்டாரு.

மேல மிச்சம் இருந்தது நான், சின்ன தம்பி, அந்த தங்கச்சி, பையன்.

ஒண்ணும் செய்யாத மூணு நாள்

புரோகிராம் எல்லாம் ரத்து. ஸ்பீக்கர் பொட்டியே பிரிக்கல. சின்ன தம்பி பையனோட கல்லு அடுக்கி விளையாடிட்டு இருந்தான், எனக்கு வேலையே இல்ல, அதனால அடுப்படில ஒக்காந்துட்டேன்.

தங்கச்சி அடி புடிச்ச பாத்திரத்த சாம்பல் போட்டு தேச்சுட்டு இருந்தாங்க. குக்கர் பக்கத்துல இருந்துச்சு, மூடில கேஸ்கட் எடத்துல துணிய முறுக்கி சுத்திருந்தாங்க. 3,500 மீட்டர்ல தண்ணி 88 டிகிரிலயே கொதிச்சிரும், எவ்ளோ கொதிச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது, பருப்பு மணிக்கணக்கா கெடந்தாலும் வேகாது, அங்க குக்கர் இல்லன்னா வெறகு முழுக்க ஒரு வேள சாப்பாட்டுக்கே போயிரும். துணிய பாத்ததும் எனக்கு அந்த ரெண்டு ஜெபக்குறிப்பும் ஞாபகம் வந்துச்சு. பைபிள்ல பவுல் ஜெயில்லருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுறப்ப துரோவாங்குற ஊர்ல விட்டுட்டு வந்த மேலங்கிய எடுத்துட்டு வா, குளிர்காலத்துக்கு முன்னாடி வந்துருன்னு கேட்டாரே, அத நானே எத்தன தடவ பெண்கள் கூட்டத்துல பேசிருக்கேன்.

மறந்துட்டேன்மான்னு சொன்னேன். "பரவால்லக்கா"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, தேய்க்கிறத நிறுத்தாமலே, "நீங்க எத்தனாவது டீம் தெரியுமாக்கா, பனி உருகுனதுலருந்து அஞ்சாவது"ன்னாங்க. நோட்டு ஒண்ணு காட்டினாங்க, வந்தவங்க பேரு, எத்தன பேரு, எத்தன நாளு, மொத்தம் 41 பேர். எங்க சபை மூணு வருஷமா போகல, ஆனா மத்த சபைங்க, சங்கத்து ஆளுங்கன்னு வந்துட்டு தான் இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஆக்கி போட்டு, படுக்க வச்சு, தண்ணி காய வச்சு, சாட்சி சொல்லி, சிரிச்சு போட்டோக்கு நின்னு. "எல்லாரும் வேலைய பாக்க வர்றாங்கக்கா."

அன்னைக்கு அவ்ளோ தான் பேசுனாங்க. நானும் தோண்டல. அடுத்த நாள் மத்தியானம் தானா சொன்னாங்க. போன குளிர்காலத்துல, பாத மூடி ரெண்டாவது மாசம், அவங்களுக்கு கர்ப்பம் கலைஞ்சிருச்சு. டாக்டர் இல்ல, போன் இல்ல, கிராமத்து பாட்டி ஒருத்தங்களும் பக்கத்து வீட்டு பொண்ணும் தான் கூட இருந்தாங்க. அதுலருந்து சரியா தூக்கம் இல்ல, பையன் கூப்பிட்டா எரிச்சலா வருது, ஜெபம் பண்ண ஒக்காந்தா வார்த்த வரல. மூத்த பொண்ணுக்கு ஒம்போது வயசு, கீழ ஹாஸ்டல்ல இருக்கா, போன லீவுக்கு வீட்டுக்கு வரலன்னு சொல்லிட்டா, அது தான் எல்லாத்துலயும் பெருசா வலிக்குதுன்னாங்க. இமயமலைல லாகூல் பக்கம் கேலாங்ல 1850-கள்லயே மொராவிய சபைங்குற ஒரு புராட்டஸ்டன்ட் சபையோட மிஷனெரிங்க வீடு கட்டி தங்குனாங்க, அவங்களும் பசங்கள படிப்புக்குன்னு ஜெர்மனிக்கு அனுப்புனவங்க தான், இந்த வலி பழசு. பழசுங்குறதால கொறஞ்சிருச்சுன்னு இல்ல.

எங்களுக்கு இது எப்படி தெரியாம போச்சு? தெரியாமலும் இல்ல. அந்த வசந்தகால ஜெபக்குறிப்புல "சகோதரியின் சரீர பலவீனத்திற்காக ஜெபியுங்கள்"னு ஒரு வரி இருந்துச்சு, நாங்க ஞாயித்துக்கிழம அதுக்காக ஜெபம் பண்ணோம். பலவீனம்ங்குற ஒரு வார்த்தைக்குள்ள இவ்ளோவும் இருந்துருக்கு.

இன்னொண்ணு. பக்கத்து வீட்டு பொண்ணு தினமும் சொல்லாம வந்து தண்ணி குடம் வச்சுட்டு போவா. குளிர்காலத்துலருந்தே அப்படி தானாம். தங்கச்சி நெலம ஊருக்கே தெரிஞ்சிருக்கு, அவங்கவங்க முடிஞ்ச மாதிரி பாத்துருக்காங்க. நாங்க அந்த ஜனங்க கிட்ட "உங்களுக்கு என்ன வேணும்"னு கேக்க தான் கேள்வி எழுதிட்டு போயிருந்தோம், "இவங்க எப்படி இருக்காங்க"ன்னு கேக்க ஒரு கேள்வி கூட இல்ல.

எடுத்த முடிவுகள்

மொத முடிவு, யார் கிட்ட என்ன சொல்லலாம்னு அவங்க கிட்டயே கேட்டேன். "நர்ஸ் அக்காவுக்கு எல்லாம் சொல்லுங்க, பாஸ்டருக்கு உடம்பு முடியல, ரெஸ்ட் வேணும்னு சொன்னா போதும், கமிட்டிக்கு இப்ப வேணாம்"னாங்க. அப்படியே செஞ்சேன். கமிட்டி பின்னாடி கோவப்பட்டுச்சு, ஆனா இத மாத்திக்க மாட்டேன். மூடி மறைச்சு வாழ்ந்தவங்க ஒரு தடவ தொறக்குறப்ப அது அடுத்த வாரம் ஜெபக்குறிப்பா வந்துச்சுன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் வாய தொறக்க மாட்டாங்க.

ரெண்டாவது, எந்த வாக்கும் குடுக்கல. பொண்ண கூட்டிட்டு வர்றோம், செலவ பாத்துக்குறோம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அங்கிருந்து உணர்ச்சில சொல்லிட்டு வந்து எட்டு மாசம் பதில் இல்லாம விட்ட டீம் கதையும் அந்த நோட்டுல இருந்துச்சு.

மூணாவது, மூணாவது கிராமத்துக்கு போறத விட்டோம். ஆள் இல்ல, நாளும் இல்ல, கணவாய் வழியா ஏறணும். அந்தப்பக்கம் போற ஒருத்தர் கிட்ட துண்டு சீட்டு குடுத்து அனுப்பினேன், கூடவே துணில பாதி. இது சரியா தப்பான்னு கீழ வருது.

நாலாவது, தம்பியும் நர்ஸ் அக்காவும் மேல திரும்பி வந்ததும் அக்கா, தம்பி, தங்கச்சி, நான், நாலு பேரா ஒக்காந்து, குளிர்காலத்துக்கு முன்னாடி குடும்பமா கீழ இறங்குறத பத்தி பேசினோம். தம்பி ஒத்துக்கல. "ஆத்துமாக்கள விட்டுட்டு எப்படிக்கா வர்றது, சங்கத்துல என்ன சொல்லுவாங்க, தாங்குறவங்க நிறுத்திட்டா?" அவர் சொன்னதுல எதுவும் வெறும் பயம் இல்ல. அவர மாத்துனது நாங்க இல்ல, அங்க விசுவாசத்துக்கு வந்த ஊர் பெரியவர் ஒருத்தர். அவர் வீட்டுக்கு வந்து அவங்க பாஷைல ஏதோ சொன்னாரு, தம்பி அழுதுட்டாரு. அப்புறம் எங்களுக்கு சொன்னாரு: "நீங்க வர்றதுக்கு முன்னாடியும் எங்களுக்கு குளிர்காலம் வந்துச்சு, போய்ட்டு வாங்கங்குறாரு".

அதுக்கப்புறம்

சங்கத்துல மொத கடிதத்துக்கு பதில் வர ஆறு வாரம் ஆச்சு, ரெண்டாவதுல நர்ஸ் அக்கா கையெழுத்தும் போட்டப்புறம் சீக்கிரம் நடந்துச்சு. பனிக்கு 12 நாள் முன்னாடி குடும்பம் இறங்கிருச்சு. டாக்டர் பாத்துட்டு மனச்சோர்வுன்னாரு, ரத்தசோகையும் இருந்துச்சு, மருந்தும் கவுன்சலிங்கும் ஆரம்பிச்சாங்க. ரெண்டு மாசத்துல தூக்கம் வந்துச்சு. பொண்ணு மொதல்ல அம்மா கிட்ட பேசவே இல்ல, ஹாஸ்டல் பொட்டிய பிரிக்காமலே மூணு வாரம் வச்சிருந்தாளாம்.

தாங்குறவங்கள்ல ஒருத்தர் "ஊழியத்த விட்டு வந்தவங்களுக்கு எதுக்கு மாசாமாசம்"னு நிறுத்திட்டாரு. இதுக்கு நான் கமிட்டில சத்தம் போட்டேன், போட்டிருக்க வேணாம். 1990-கள் நடுவுல உலக அளவுல 14 நாடுகள்ல மிஷனெரிங்க ஏன் பாதில திரும்புறாங்கன்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, இந்தியாவும் அதுல இருந்துச்சு. புதுசா மிஷனெரி அனுப்ப ஆரம்பிச்ச நாடுகள்ல தாய் சபை சரியா தாங்காதது முக்கியமான காரணங்கள்ல ஒண்ணா வந்துச்சு. அத எடுத்து வாசிச்சிருந்தா போதும்.

அஞ்சு மாசம் கழிச்சு குடும்பம் திரும்பி போச்சு, ஆனா மேல இல்ல, 2,400 மீட்டர்ல மொத குடும்பம் பக்கத்துல. பொண்ணு அந்த ஸ்கூல்லயே படிக்குறா. தம்பி மாசத்துல பத்து நாள் மேல போய் வர்றாரு, மத்த நாள் அந்த ஊர் பெரியவரே ஆராதனைய நடத்துறாரு. மேல சபை நல்லா இருக்குன்னு தம்பி சொல்றாரு, சொல்றப்ப முகத்துல கொஞ்சம் வருத்தமும் இருக்கு. இது நிரந்தர ஏற்பாடான்னு யாரும் இன்னும் முடிவு பண்ணல.

மூணாவது குடும்பம் நாலு மாசம் எங்களுக்கு எழுதவே இல்ல. பின்னாடி வந்த கடிதத்துல அவங்க பசங்க மூணு நாள் கணவாய் பக்கம் போய் ஒக்காந்து பாத்துட்டு இருந்தாங்கன்னு ஒரு வரி. துண்டு சீட்டு போய் சேர்ந்தது எங்க தேதிக்கு அஞ்சு நாள் கழிச்சு தான்.

மறுபடி போனா

ஏறுற அட்டவணைய நர்ஸ் அக்கா கைல குடுத்துருவேன், அவங்க வேணாம்னா வேணாம், டிக்கெட் போனா போகட்டும். மாத்திரை விஷயத்துல வயசுக்கு மரியாத பாத்து வாய மூடிட்டு இருக்க மாட்டேன். (அங்கிளே இப்ப அத தான் சொல்றாரு, அடுத்த டீமுக்கு நேர்கோட்டு நடைய செஞ்சு காட்டுறதே அவர் தான்.)

ஆறு பேர் போக மாட்டோம். ரெண்டு பேர், ஒரு பொம்பள கட்டாயம். ஒரு விசிட்டுக்கு ஒரு குடும்பம், கூட்டம் கிடையாது, அவங்களா கேட்டா ஒழிய. எங்க சாப்பாட்டு சாமானும் வெறகு காசும் நாங்களே கொண்டு போவோம். ஜெபக்குறிப்புல வர்ற சின்ன சாமான் பேரெல்லாம் தனியா ஒரு நோட்டுல எழுதுறதுக்கு ஒருத்தங்கள போட்டாச்சு.

மூணாவது குடும்பத்த அப்படியே விட்டது தப்பு தான். சின்ன தம்பிக்கு உடம்பு நல்லா இருந்துச்சு, உயரமும் பழகிருந்துச்சு, ஊர் ஆள் ஒருத்தரோட அவன அனுப்பிருக்கலாம், ஒரு நாள் தங்கிட்டு திரும்பிருந்தாலே போதும். ஒருத்தன் போறது விசிட்டா என்னன்னு நெனச்சுட்டேன்.

அடுத்த வாரம் நர்ஸ் அக்காவும் நானும் அந்த மூணாவது வீட்டுக்கு தான் கெளம்புறோம். என்ன வேணும்னு கேட்டதுக்கு பதில் வந்திருக்கு: நாலாங்கிளாஸ் கணக்கு புக், தையல் ஊசி, நகவெட்டி, அப்புறம் "ராத்திரி வரைக்கும் பேச நேரம் இருக்குற மாதிரி வாங்க".